புதுப்பிப்பு: தாராபுரம் பூமி, பெரியப்பா சொன்ன 12 வருஷக் கணக்கு

போன வருஷம் இங்கே கேட்டிருந்தேன்: அப்பாரு (அப்பாவின் அப்பா) உயில் எழுதாமல் இறந்தார், 26 வருஷமாகப் பட்டாவும் வெள்ளாமையும் பெரியப்பாவிடம், "12 வருஷம் தாண்டியாச்சு, பங்கு கேட்க முடியாது" என்கிறார் என்று. பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, கூட்டுப் பங்குதாரர் நிலத்தைத் தன் கையில் வைத்து அனுபவிப்பது தானாக எதிரிடை அனுபவம் (உரிமையாளருக்கு எதிராக, தன்னுடையது என்றே வைத்திருப்பது) ஆகாது என்று ஒருவர் சொன்னதுதான். 1963 காலவரையறைச் சட்டத்தின் 12 வருஷம், பங்கே இல்லை என்று வெளிப்படையாக மறுத்தது நமக்குத் தெரிந்த பிறகுதான் ஓடும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். அப்பா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எதுவும் எழுதித் தந்திருக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும் பெரியப்பா பேச வந்தார். பாகப்பிரிவினை பதிவாகிவிட்டது.

எதிர்பாராதது கிணறு. வரைவுப் பத்திரத்தில் தண்ணீர் முறையும் வண்டித்தடமும் இல்லவே இல்லை! அதைச் சேர்க்கவே மூன்று மாதம். பட்டா மாறுதல் இன்னும் வரவில்லை.