புதுப்பிப்பு: விஎம் குறியாக்கத்துக்கான கீ சர்வர் இணைப்பு, தீர்ந்தது

விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) குறியாக்கம் செய்யத் தேவையான கீகளைத் தரும் கீ சர்வரைச் சேர்த்த பிறகும், விஎம்களை நிர்வகிக்கும் விஎம்வேர் மென்பொருளான விசென்டரில் 'இணைப்பு இல்லை' என்றே வருகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மிக்க நன்றி.

5696 போர்ட் திறந்துதான் இருந்தது, ஃபயர்வாலில் தடை இல்லை. கைகொடுத்தது சான்றிதழைப் பார்க்கச் சொன்ன யோசனை. விசென்டரும் கீ சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான கேஎம்ஐபி-யில் இரு பக்கமும் ஒன்றையொன்று நம்ப வேண்டும். கீ சர்வரின் சான்றிதழை விசென்டர் ஏற்றிருந்தது. விசென்டரின் கிளையன்ட் சான்றிதழ் கீ சர்வரில் பதிவாகவில்லை. பதிந்ததும் பச்சை வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: விசென்டர் கீயைச் சேமிப்பதில்லை, அதன் ஐடியை மட்டுமே வைத்திருக்கிறது. ஆகவே கீ சர்வர் ஓடும் விஎம்மைத் தயவுசெய்து அது தரும் கீயாலேயே குறியாக்கம் செய்யாதீர்கள். மொத்த கிளஸ்டரும் (விஎம்கள் ஓடும் ஹோஸ்ட் கணினிகளின் தொகுப்பு) அணைந்தால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். நான் கீ சர்வரைத் தனி ஹோஸ்ட்டுக்கு மாற்றி, கீ பேக்கப்பை வேறிடத்தில் வைத்துவிட்டேன்.