மீன்பிடி கயாக் வாங்கும் முன்னால் கோத்தகிரி பக்கம் மூன்றை ஓட்டிப் பார்த்த அனுபவம்

வணக்கம் நண்பர்களே. ஒரு வருஷமாக கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் குறுகலான சின்னப் படகு, வாங்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். பிப்ரவரி கடைசியில்தான் மூன்று வகையையும் ஒரே நாளில் தண்ணீரில் இறக்கிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. நீங்களும் வாங்கும் யோசனையில் இருந்தால், காசு கொடுக்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் கவிழ்ந்தும் பாருங்கள்.

இடம் கோத்தகிரிக்குக் கீழே நண்பனின் பெரியப்பா எஸ்டேட் குளம். மூன்று ஏக்கர் இருக்கும். இரண்டு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் சோலை. அவலாஞ்சி, எமரால்டு மாதிரி அணைகளில் நம் இஷ்டத்துக்குக் கயாக்கை இறக்க முடியாது. மின்வாரியம், வனத்துறை என்று அனுமதி இருக்கிறது. மீனுக்கும் வேட்டைக்கும் 1879-லேயே தனிச் சட்டம் போட்ட மாவட்டம் இது. அதனால் தெரிந்தவர் குளம்தான் நிம்மதி. குளத்தில் கண்ணாடிக் கெண்டை உண்டு, 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த அதே வகை. கரையிலிருந்து தூண்டில் போட்டால் முள் ஒவ்வொரு தடவையும் கோரையில் மாட்டும். மீன் நடுவில் பாசி ஓரமாகவே சுற்றும். கயாக் ஆசை வந்ததே அதனால்தான்.

முதலில் காற்றடிக்கும் வகை. பத்து அடி, பதினைந்து கிலோ, டிக்கியில் அடங்கிவிடும். காலை ஏழு மணிக்கு நன்றாக விறைக்கும்வரை அடித்து இறக்கினோம். தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருந்ததால் பத்தே நிமிஷத்தில் பக்கவாட்டுக் குழாய் தொய்ந்துபோனது. திரும்பக் கரைக்கு வந்து மறுபடி பம்ப். பதினொரு மணிக்கு அதையே வெயிலில் கரையில் போட்டிருந்தோம், இப்போது தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம், உடனே கொஞ்சம் காற்றை இறக்கினோம். மற்றபடி ஆட்டமே இல்லை, நின்றால்கூடத் தாங்குகிறது. காற்று அடித்தால் மட்டும் காகிதக் கப்பல்தான்.

இரண்டாவது, உள்ளே காலை நுழைத்து உட்காரும் குறுகலான வகை. அகலம் 28 அங்குலம். நேராக ஓட்ட அருமையாகப் போகிறது. ஆனால் மீன் பிடிக்கிறவன் நேராகவா உட்கார்ந்திருக்கிறான்? பின்னால் இருக்கும் இரை டப்பாவை எடுக்க இடுப்பைத் திருப்பினேன், ஒரு பக்கம் சாய்ந்து நெஞ்சு பதறிவிட்டது.

மூன்றாவது, மேலே உட்காரும் வகை, பன்னிரண்டு அடி நீளம், 34 அங்குல அகலம், 35 கிலோ. இதில்தான் மனசு நின்றது. பக்கவாட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து முள் கட்ட முடிந்தது. தாங்கும் எடை 150 கிலோ என்று போட்டிருந்தது, நான் 84 கிலோ, சாமான் பதினைந்து. போட்டிருப்பதில் முக்கால் பங்குக்குள்ளேயே நிறுத்திக்கொள்வது நல்லது. நண்பனும் பின்னால் ஏறியபோது, மேலே விழும் தண்ணீர் வடிவதற்காக வைத்த அடித்துளை வழியாகத் தண்ணீர் மேலே வந்து இருவருக்கும் இடுப்புக்குக் கீழே நனைந்துவிட்டது. இந்தக் குளிரில் அது விளையாட்டு இல்லை. துடுப்பு 220 சென்டிமீட்டர் இருந்தது, இந்த அகலத்துக்குப் பத்தவில்லை, விரல் முட்டி கயாக் ஓரத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. 240-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

அப்புறம் கவிழ்த்துப் பார்த்தோம். இடுப்பளவுக்கு மேல் ஆழம், லைஃப் ஜாக்கெட், கரையில் நண்பன் கயிறோடு. விழுந்ததும் மூச்சு தானாக இழுக்கிறது, நிறுத்த முடியவில்லை. முகம் தண்ணீருக்கு மேல் இருக்கும்படி மிதந்து அந்த ஒரு நிமிஷத்தைக் கடத்திவிட்டால் மூச்சு கட்டுக்குள் வந்துவிடும். ஜாக்கெட் இல்லாமல் இருந்திருந்தால் அந்த முதல் மூச்சிலேயே தண்ணீர் குடித்திருப்பேன். காலை உதைத்து வயிறு குறுக்கே படும்படி ஏறினேன், ஜாக்கெட் வார் ராட் ஹோல்டரில் (தூண்டில் கோலைச் செருகி வைக்கும் பிடி) மாட்டிக்கொண்டு பின்னாலேயே இழுத்தது. ஹோல்டரைக் கழற்றிவிட்டு இரண்டாவது தடவை ஏறினேன், சுலபமாக வந்தது. அந்தக் குறுகலான கயாக்கோ தண்ணீர் நிரம்பியதும் தொட்டி மாதிரி ஆகிவிட்டது, திரும்ப ஏறவே முடியவில்லை, கரைவரை இழுத்துக்கொண்டு நீந்தினேன்.

உடை மாற்றி, டீ குடித்து, மத்தியானம் அதே மூன்றாவது கயாக்கில் தூண்டிலோடு போனேன். நாலு மணி இருக்கும். நண்பன் கரையிலிருந்து கையைக் காட்டுகிறான், சத்தம் போடவில்லை. திரும்பிப் பார்த்தால் நான் இறங்கிய அதே இடத்தில் இரண்டு காட்டெருமை, ஒரு கன்றோடு. முன்னங்கால் முழங்கால்வரை வெள்ளை, தண்ணீரில் இறங்கி நிற்கின்றன. பெரியது தலையைத் தூக்கி என்னையே பார்த்தது, மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது தெரிந்த தூரம். காற்று என்னை அவை பக்கமே தள்ளுகிறது. நங்கூரம் கிடையாது. சத்தம் வராமல் பின்பக்கமாகவே துடுப்பு போட்டு, எதிர்க்கரையில் சாய்ந்து கிடந்த சில்வர் ஓக் கிளையைப் பிடித்துக் கயிறு கட்டினேன். நாற்பது நிமிஷம் அப்படியே. முதுகு சாய்க்கும் சீட் இருந்ததால் தாங்கினேன். சின்ன மடக்கு நங்கூரமும் கயிறும் இல்லாமல் இனி நான் இறங்கமாட்டேன்.

*

கோவையிலிருந்து:
காற்றடிக்கும் வகை வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் பாதி காற்றோடு வால்வை மூடி டிக்கியில் திணித்தேன். குன்னூர் வந்து திறந்தால் புஸ்ஸென்று உப்பி நிற்கிறது. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. மலை ஏறும்போது வால்வு திறந்தே இருக்கட்டும்.

*

ஊட்டியிலிருந்து:
அண்ணா, நல்ல பதிவு. 35 கிலோவைக் கார் மேலே தனியாக யார் ஏற்றுவது என்பதையும் சொல்லியிருக்கலாம். எனக்கு ஐந்தடி உயரம். பின்கண்ணாடி மேல் ரப்பர் மேட் போட்டு, முதலில் மூக்கைச் சாய்த்து வைத்து, பிறகு வாலைத் தூக்கித் தள்ளுவேன். அப்படியும் 25 கிலோவுக்கு மேல் என்னால் ஆகவில்லை, அதனால் ஒன்பதடிதான் வாங்கினேன். வேகம் குறைவு, ஆனால் நினைத்த நாளில் யாரையும் கூப்பிடாமல் கிளம்ப முடிகிறது. மூக்குக் கயிற்றை பம்பரில் கட்ட மறக்காதீர்கள், கொண்டை ஊசி வளைவில் கார் மேலே கட்டும் பட்டை மட்டும் போதாது.

*

கொடைக்கானலிலிருந்து:
எங்கள் ஏரியை 1863-ல் உருவாக்கிய லெவிஞ்ச் காலத்தில், கார் ரோடே இல்லாதபோது தூத்துக்குடியிலிருந்து படகை மலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் நாம் தூக்குவது பெரிய எடை இல்லை. எனக்கு மாடு இல்லை, மூடுபனி. மேல்மலையில் சொந்தக்காரர் குட்டையில், மூன்று மணிக்கு வெயில் இருந்தது, பத்து நிமிஷத்தில் என் துடுப்பு நுனியே தெரியவில்லை. தெரிந்த தண்ணீர்தான், இருந்தும் கரை எந்தப் பக்கம் என்று குழம்பிவிட்டேன். ஜாக்கெட்டில் விசில் இருந்தது. ஊதினேன், கரையில் மாமா பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார், அந்தச் சத்தத்தைப் பிடித்து வந்து சேர்ந்தேன்.

*

மறுபடி நான்:
விசில் இன்றே கட்டிவிடுகிறேன், நன்றி. ஊட்டி தங்கை சொன்ன எடை விஷயம் மண்டையில் ஏறிவிட்டது. பன்னிரண்டு அடியை விட்டுவிட்டு, பத்தரை அடி, 33 அங்குலம், 28 கிலோவில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அதே குளத்தில் இறக்குகிறோம். இந்த முறை ராட் ஹோல்டரைப் பூட்டியே கவிழ்ந்து ஏறிப் பார்ப்பேன்.