மர மில்லாகத் தொடங்கிய டாமியா, ரேடியோ கார்களுக்கு எப்படி வந்தது?

தக்கலை வாசகர் (கேள்வி):
வளைகுடாவில் வேலை பார்த்த என் மாமா 1980களில் கொண்டுவந்த டாமியா நிறுவனத்தின் கிராஸ்ஹாப்பர் ரேடியோ கார் (கையிலிருக்கும் ரேடியோ கருவியால் ஓட்டும் சிறிய மாடல் கார்) ஒன்று, பரணிலிருந்து இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அந்த ஜப்பானிய நிறுவனம் முதலில் மரம் அறுக்கும் மில்லாக இருந்தது என்று படித்தேன். மர வியாபாரம் செய்தவர்கள் எந்த வழியாக இந்தத் தொழிலுக்கு வந்தார்கள் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இதை நம் கடற்கரை மணலில் ஓட்டலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டம் வாசகர்:
யோஷியோ டாமியா 1946-இல் ஷிசுவோகா நகரில் மரம் அறுத்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். கட்டட மரத்தோடு மர மாடல்களுக்கென்று ஒரு சிறு பிரிவையும் நடத்திவந்தார். 1951-இல் தீப்பிடித்துச் சரக்கிருப்பு எரிந்துபோனதில் தொழில் ஆட்டம் கண்டது. 1953-இல் கட்டட மரத்தைக் கைவிட்டு, மாடல்களை மட்டுமே செய்வதென்று தீர்மானித்தார்கள். பிளாஸ்டிக்குக்கு மாறியதும் சுலபமாக நடந்துவிடவில்லை. 1960-இல் வெளியிட்ட 1/800 அளவு (நிஜத்தில் எண்ணூறில் ஒரு பங்கு) யமாட்டோ போர்க்கப்பல் மாடலை, போட்டி நிறுவனத்தின் விலைக்கு இறங்கி விற்க நேர்ந்ததால் நட்டமே மிஞ்சியது. நிறுவனத்தை நிமிர்த்தியது அதன் பின் வந்த, மோட்டார் பொருத்திய பாந்தர் டாங்கிதான். பேட்டரி உள்ளே அடங்கும்படி உடலை வரைந்தபோது அமைந்த 1/35 என்ற விகிதமே பிற்பாடு உலகெங்கும் ராணுவ மாடல்களின் அளவாயிற்று.

ரேடியோ கார் பிறந்த கதை இதைவிடச் சுவையானது. நிறுவனரின் மகன் ஷுன்சாகு டாமியா, போர்ஷே 934 காரை 1/12 அளவில், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கிட்டாகச் செய்ய விரும்பி, சேகரித்த தகவல் போதாமல், நிஜமான போர்ஷே 911 ஒன்றையே வாங்கி அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார். அலமாரியில் வைக்கும் மாடலின் விற்பனை மட்டும் அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், அதே உடலுக்குள் மோட்டாரும் ரேடியோவும் வைத்து 1976-இல் வெளியிட்டார்கள். கணக்குப்பிள்ளையின் கவலையில் பிறந்த கார் என்றே நான் சொல்வேன்.

குளச்சல் வாசகர்:
முதல் கார் போர்ஷே என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது வழவழப்பான தரையை விட்டு இறங்க முடியாத கார். நம் தெருக்களில் பத்தடிகூட ஓடியிருக்காது. உண்மையான திருப்பம், 1979-இல் வந்த ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும்தான். பாலைவனப் பந்தயங்களில் ஓடிய ஃபோக்ஸ்வேகன் வண்டிகளின் சஸ்பென்ஷனைப் பின்பற்றிச் செய்யப்பட்ட அவற்றில், தண்ணீரும் மணலும் புகாதபடி ரேடியோவை மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தங்களிடம் இருக்கும் கிராஸ்ஹாப்பர் 1984-இல் வந்தது. எளிய பிளாஸ்டிக் சேசிஸ் (அடிச்சட்டம்), 380 என்ற சிறிய அளவு மோட்டார், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எட்டும் விலை என்று அமைந்ததால் அது ஊர் ஊராகப் பரவியது. அதே ஆண்டில் வந்த ஹார்னெட், ஏறத்தாழ அதே சேசிஸில் அதைவிடப் பெரிய 540 மோட்டார் பூட்டியதுதான். இரண்டையும் 2000களில் மறுபடி வெளியிட்டதால் உதிரிபாகங்களுக்குக் கவலையில்லை.

மணவாளக்குறிச்சி வாசகர்:
மணலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் கரையில் இருப்பது இல்மனைட் என்ற கனிமம் கலந்த கருமணல். ஆலையில் அதைப் பிரித்தெடுப்பதே காந்தத்தைக் கொண்டுதான். மோட்டாரின் உள்ளேயும் காந்தம் இருக்கிறது, காற்றுக்காக விட்ட திறப்புகளும் இருக்கின்றன. ஓட்டி முடித்து டார்ச் அடித்துப் பார்த்தால், காந்தத்துக்கும் உள்ளே சுழலும் ஆர்மேச்சருக்கும் இடையில் கறுப்புத் துகள் அப்பியிருப்பது தெரியும். சட்டையால் துடைத்தாலும் வராது, பிரஷ்ஷால் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். அச்சு சுழலும் புஷ்களையும் உப்பும் மணலும் அரித்துவிடும். மாமா கொண்டுவந்த வண்டி என்பதால் கரைக்குக் கொண்டுபோகாமல், தெங்குத் தோப்பிலோ பள்ளி மைதானத்திலோ ஓட்டுவது நல்லது. பழைய பேட்டரி உள்ளேயே இருந்தால், சார்ஜ் போட்டுப் பார்க்காமல் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.