புடாபெஸ்ட் காம்பிட் விளையாடுபவர்கள் உதவுங்கள்

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். சதுரங்கத்தில் வெள்ளை டி4 போட்டுத் தொடங்கினால், கறுப்பில் நான் விளையாடுவது புடாபெஸ்ட் காம்பிட், அதாவது சிப்பாயைப் பலிகொடுக்கும் ஒரு தொடக்கம் (1.டி4 குதிரை எஃப்6 2.சி4 ஈ5). அடுத்த மாதம் வவுனியாவில் போட்டி. இங்கே பக்கத்தில் கேட்டுப் பழகப் பயிற்சியாளர் இல்லை.

வெள்ளை ஈ5 சிப்பாயை வெட்ட, நான் குதிரையை ஜி4இல் வைத்த பிறகு வரும் 4.பிஷப் எஃப்4இல்தான் சிக்கல். முன்பெல்லாம் வெள்ளை அவசரப்பட்டு 7.ஏ3 போடும், நான் குதிரையால் ஈ5ஐ வெட்டுவேன், வெள்ளை பி4இல் உள்ள என் பிஷப்பை வெட்டினால் டி3இல் குதிரை வைத்து மேட். வெள்ளையின் ஈ2 சிப்பாய் ஈ7இல் உள்ள என் ராணியால் தன் ராஜாவுக்கு முன் கட்டுண்டு கிடப்பதால் அந்தக் குதிரையை வெட்டவே முடியாது, அவ்வளவு அழகான பொறி! இப்போது யாரும் விழுவதில்லை. நிதானமாக ஈ3, பிஷப் ஈ2, கோட்டை கட்டுகிறார்கள். டி2இல் என் பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வெட்டி டி6 போட்ட பிறகு, இரண்டு பிஷப்பும் வெள்ளையிடம். பி4, சி5 என்று தள்ளி வந்து மூச்சுவிட இடம் தருவதில்லை.

4...ஜி5 (கறுப்பின் நான்காம் நகர்வு) போட்டுப் பார்த்தேன், ராஜா பக்கம் ஓட்டையாகிவிட்டது. 3...குதிரை ஈ4க்கு எல்லாரும் 4.ஏ3 போடுகிறார்கள். 1918இல் பெர்லினில் ரூபின்ஸ்டைனை விட்மார் வென்ற ஆட்டத்தையும் பலகையில் வைத்துப் படித்தேன். அதில் வெள்ளை 6.குதிரை சி3 போட்டது, எனக்கு வருவதோ குதிரை டி2. கைபேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருள் வெள்ளைக்குச் சற்று மேல் என்கிறது, ஆனால் திட்டம் எதுவும் சொல்வதில்லை.

இந்தத் தொடக்கத்தை விட மனமில்லை. ஆகவே கேள்வி ஒன்றுதான்: டி2இல் வெட்டி டி6 போட்ட அந்த நிலையில் ஏ5 போட்டு பி4ஐத் தடுப்பதா, பி6 போட்டு பிஷப்பை பி7க்குக் கொண்டுபோவதா, எதை நம்பி விளையாடலாம்?