பதினாறு கழிந்த பிறகு

ஈசூன்வாசி:
என் வீட்டுக்காரர் தவறியபோது காரியமெல்லாம் குறையில்லாமல் நடந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பந்தல், மண்டாயில் தகனம், கடலில் அஸ்தி, பதினாறாம் நாள் கருமாதி. அதுவரை யாருக்குக் காப்பி, யார் சாப்பிடவில்லை என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது. கூட்டம் கலைந்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அப்போது பக்கத்தில் ஆளில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. இந்தச் சிங்கப்பூரில் எல்லாருக்கும் ஓட்டம்தான்.

வேடிக்கை என்னவென்றால், எழுத்து வேலை இருந்த நாள்கள் சுலபமாகப் போயின. 2022 மே மாதக் கடைசியிலிருந்து இறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான். மருத்துவர் சான்றளித்ததும் தானாகப் பதிவாகிவிடுகிறது, 30 நாள்களுக்குள் இணையத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அதை மகன் பார்த்துக்கொண்டான். மசேநிதி, அதாவது மத்திய சேம நிதிச் சேமிப்புதான் இழுத்தது. தமக்குப் பிறகு அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்னால் அவர் தம் அம்மா பேரில் நியமனம் செய்திருந்தார். திருமணம் ஆனதும் அது செல்லாது. உயிலில் எழுதினாலும் மசேநிதிப் பணத்துக்கு எடுபடாது; செல்லுபடியாகும் நியமனம் இல்லாவிட்டால் அரசாங்கத்தின் பொது அறங்காவலர் வழியாகத்தான் வரும். (உங்கள் வீட்டிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.) படிவமெல்லாம் தீர்ந்த வாரம்தான் நான் படுத்துவிட்டேன்.

அந்த வாரம் எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி வந்தார். துக்கத்தன்று வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனவர். எனக்கு மாண்டரின் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை; பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில் சமாளித்தோம். மின்தூக்கி பழுதாகிக் கிடந்த ஒரு நாள் என் கணவர் அவருடைய அரிசி மூட்டையை மாடி வரைக்கும் தூக்கி வந்தாராம். எனக்கே தெரியாத கதை! என் சொந்தக்காரர்கள் நான் அழுதுவிடுவேன் என்று பயந்து என் கணவர் பேரையே எடுப்பதில்லை. ஆண்ட்டி சொன்னபோதும் அழுதேன்தான். அதனால் என்ன? இப்போதும் அவ்வப்போது வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்.

தோ பாயோ தம்பி:
அக்கா, நீங்கள் சொன்ன படிவ நாள்கள் எனக்கும் உண்டு. அம்மா போனபோது அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்பு. (அதுவும் சட்டப்படி கட்டாயமில்லை, நிறுவனம் கொடுத்தால்தான்.) திரும்பிப் போன அன்றே எதற்கோ சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மனசு குத்தியது. ஆலோசகர் ஒருவர் விளக்கினார்: துக்கத்துக்குள் போவதும் அன்றாட வேலைக்குத் திரும்புவதும் மாறி மாறி நடக்கும், இரண்டும் வேண்டும் என்று ஸ்ட்ரோப், ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999லேயே சொல்லியிருக்கிறார்களாம். அது எனக்குப் பொருந்தியது. துக்கம் மறுப்பு, கோபம் என்று வரிசையாகப் போகும் என்கிற ‘ஐந்து கட்டம்’ கணக்குதான் ஒத்துவரவில்லை. மனநல மருத்துவர் கியூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியதே மரணப் படுக்கையில் இருந்த நோயாளிகளிடம் பேசி. நண்பர் ஒருவர், “நீ இன்னும் கோபக் கட்டத்தில் இருக்கிறாய்” என்றார். அதைக் கேட்டுத்தான் கோபமே வந்தது.

ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 1767க்கு அழையுங்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

உட்லண்ட்ஸ் மருமகள்:
மாமனார் தவறியதால் எங்களுக்கு இந்த வருடம் தீபாவளி கிடையாது. சரி, பலகாரம் வேண்டாம், புதுத்துணி வேண்டாம். ஆனால் பிள்ளைகள் சிராங்கூன் சாலைத் தீபாவளி விளக்கு அலங்காரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வருடாவருடம் கூட்டிப்போனதே அவர்களுடைய தாத்தாதான். மாமியார் கூடாது என்கிறார். எனக்குக் கூட்டிப்போகத்தான் தோன்றுகிறது. உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?