புதுப்பிப்பு: தங்கச்சிக்கு ஸ்கூட்டர் எடுத்தாச்சு

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போய்வர, புதிதாக ஓடப் பழகும் தங்கச்சிக்கு டிவிஎஸ்ஸின் சிறிய ஸ்கூட்டரான ஸ்கூட்டி பெப் பிளஸ் போதுமா, ஹொண்டா டியோ ஸ்கூட்டர் எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் பெப் பிளஸ்தான் எடுத்தோம். எஞ்சின் 87.8 சிசி, எடை 100 கிலோவுக்கும் குறைவு. காலி நகர்ப் பக்கம் போகும் காலி வீதியின் நெரிசலில் பஸ் ஒட்டி வந்து நிற்கும்போது அவளுடைய இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதிகின்றன. தரிப்பிடத்தில் தனியாகவே பின்னுக்கு இழுத்துத் திருப்புகிறாள். அந்தத் தைரியம் பெரிய விஷயம். இருவர் ஏறினால் ஏற்றத்தில் திணறும், உண்மை. கடலோர வீதியான மரைன் டிரைவில் காற்று பலமாக அடித்தால் லேசாக ஆடும், வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். அப்புறம், கடலோரம் ஓடுபவர்கள் வண்டியை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் துரு ஏறும். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.