யோவான் 9, ஏசாயா 6: கண்களைக் குருடாக்குவது யார்?

கேள்வி:
வாலிபர் வேதபாடத்துக்கு ‘ஆவிக்குரிய குருட்டுத்தன்மை’ என்று தலைப்பு. நேரம் ஒரு மணி. ஏசாயா 6:10-இல் ஜனங்களின் கண்களை மூடிப்போடச் சொல்வது கர்த்தர். 2 கொரிந்தியர் 4:4-இல் மனதைக் குருடாக்குவது ‘இப்பிரபஞ்சத்தின் தேவன்’, அதாவது சாத்தான். யோவான் 9:41-இல் பழி பரிசேயர் என்ற யூத மதத் தலைவர்கள்மேலேயே விழுகிறது. எதை முதலில் எடுக்க?

பதில் 1:
மூன்றையும் தொடக்கத்திலேயே அடுக்காதீர்கள், சகோதரி. யார் விசுவாசிப்பார் என்று தேவன் முன்பே தீர்மானித்தாரா என்ற முன்குறித்தல் வாதம் கிளம்பிவிட்டால் ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விடும். யோவான் 9-ஐ முழுதாக வாசிக்கவையுங்கள். 41 வசனங்களில் சுகமாவது 6, 7-ஆம் வசனங்களிலேயே முடிகிறது. 8 முதல் 34 வரை இயேசு காட்சியில் இல்லை, நடப்பதெல்லாம் விசாரணைதான்.

பலகையில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் பார்வையடைந்தவன் இயேசுவைச் சொல்லும் விதம்: ‘இயேசு என்னப்பட்ட ஒருவர்’ (11), தீர்க்கதரிசி (17), தேவனிடத்திலிருந்து வந்தவர் (33), கடைசியில் பணிந்துகொள்கிறான் (38). மற்றதில் பரிசேயர்: ‘அறிந்திருக்கிறோம்’ (24), ‘அறிவோம்’ (29). அவனோ 12-இலும் 25-இலும் தெரியாது என்கிறான், 36-இல் ‘அவர் யார்’ என்று கேட்கிறான். தெரியாது என்று ஒத்துக்கொண்டவனுக்குத்தான் வழி திறக்கிறது. 41-ஆம் வசனத்தை அதற்குப் பிறகு எடுங்கள், தானாகப் புரியும்.

9:3-ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள். சரீரக் குருட்டுத்தன்மையைப் பாவத்தோடு முடிச்சுப்போடுவதை இயேசு அங்கேயே மறுக்கிறார். வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ளவர் இருந்தால் இந்தத் தலைப்பே அவரைக் குத்தும்.

பதில் 2:
யோவானோடு நின்றால் ‘குருடர் பரிசேயர், நாமல்ல’ என்று பிள்ளைகள் நிம்மதியாகப் போய்விடுவார்கள். மாற்கு 8:22 முதல் 10:52 வரை பாருங்கள். ஒரு முனையில் பெத்சாயிதா குருடன், மறுமுனையில் பர்திமேயு என்ற குருடன். நடுவில் இயேசு தம் மரணத்தை மூன்று முறை முன்னறிவிக்கிறார், மூன்று முறையும் சீஷர்களுக்கு அது எட்டவில்லை: பேதுரு கடிந்துகொள்கிறான், பிறகு யார் பெரியவன் என்ற தர்க்கம், பிறகு யாக்கோபும் யோவானும் வலதுபக்கமும் இடதுபக்கமும் கேட்கிறார்கள். ‘என்ன செய்யவேண்டும்’ என்று அந்த இருவரிடம் கேட்ட கேள்வியையே (10:36) பர்திமேயுவிடமும் கேட்கிறார் (10:51). இவர்கள் மகிமையில் இடம் கேட்டார்கள், அவன் பார்வை கேட்டான். பெத்சாயிதா குருடன் முதலில் மனுஷரை மரங்களைப்போலக் கண்ட அந்த அரைப்பார்வை (8:24) சீஷர்களுக்கும் பொருந்துகிறது என்பது என் வாசிப்பு.

பதில் 3:
ஏசாயா 6 விட்டுப்போகிறது. 1 முதல் 5 வரையுள்ள அதிகாரங்களைப் படிக்காமல் 6:10-ஐ எடுத்தால் கர்த்தர் காரணமில்லாமல் கண்ணை மூடியதுபோலத் தெரியும். ஜனங்கள் ஏற்கெனவே கேட்க மறுத்தவர்கள். 6:10 அதன்மேல் வரும் நியாயத்தீர்ப்பு. பார்வோனும் அப்படித்தான்: யாத்திராகமம் 8:15, 32-இல் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்துகிறான், 9:12-இல் கர்த்தர் கடினப்படுத்துகிறார். ஆனால் 4:21-இல் அவனைக் கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் முன்கூட்டியே சொல்லிவிட்டாரே என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் மழுப்பவேண்டாம், அந்த இழுவிசை வேதத்திலேயே இருக்கிறது. 2 கொரிந்தியர் 4:4-ஐயும் தனியாக நிறுத்தாமல் 4:6 வரை வாசியுங்கள்.

பழைய ஏற்பாட்டை வாசிக்கையில் நீங்காமலிருப்பதாக 2 கொரிந்தியர் 3:14 சொல்லும் முக்காட்டை யூதர்களைத் தாழ்த்தப் பயன்படுத்திய வரலாறும் உண்டு. ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தில் 1230 வாக்கில் செதுக்கிய, யூத ஜெப ஆலயத்தை ஒரு பெண்ணாக உருவகித்த சிலை கண் கட்டப்பட்டே நிற்கிறது. பவுலோ ரோமர் 11:20-இல் புறஜாதியாரைப் பார்த்துத்தான் ‘மேட்டிமைச் சிந்தையாயிராமல் பயந்திரு’ என்கிறார்.

கேட்டவர்:
நன்றி. யோவானுக்கு 35 நிமிடம், மாற்குக்கு 15. மீதியில் ஏசாயா. கலிக்கம் (கண் மருந்து) பற்றிய வெளிப்படுத்தல் 3:18-ஐ விட்டுவிடலாமா?

பதில் 2:
விடாதீர்கள், மாற்கில் 2 நிமிடம் குறையுங்கள். அது லவோதிக்கேயா சபைக்கு எழுதியது, வெளியாருக்கு அல்ல.